என் கடை ஃபோமும் அவள் மீன்களும்

என் மனைவி மீன்களைப் பயமுறுத்தியே டாக்டர் பட்டம் வாங்கியவள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வேன். அவர்கள் சிரிப்பார்கள். யாராவது அதைக் கொண்டுபோய் அவளிடம் சொன்னால், "ஆமா, பயப்படுதா இல்லியான்னு பாக்கதுதான் என் வேலை" என்று அவளும் சிரிப்பாள். ஆனால் அந்தப் பட்டம் கைக்கு வராமல் போயிருக்க வேண்டியது. அதற்குக் காரணமாக இருந்தவன் நான். இதைக் கடையில் யாரிடமும் சொன்னதில்லை, ஆகவே இங்கே எழுதிவிடுகிறேன்.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் எனக்கு ஒரு குஷன் கடை. பஸ் சீட், கார் சீட், சோபா, ஆட்டோ மெத்தை எல்லாம் செய்வேன். அவள் வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. காலையில் பஸ் பிடித்துப் போவாள். சாயந்திரம் திரும்பி வந்து, முகம் கழுவி, ஒரு டம்ளர் காப்பியோடு மாடி அறைக்கு ஏறிவிடுவாள். அங்கே வரிசையாக டப்புகள், அவற்றில் ஜீப்ரா மீன்கள். விரல் நீளம்கூட இருக்காது. உடம்பில் நீலக் கோடு ஓடும். திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் பகுதி நேர ஆய்வு மாணவியாகப் பதிந்திருந்தாள். வருடங்கள் ஓடிப்போய், ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கடைசி வருடம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டினால் பதிவு ரத்து.

ஆய்வு என்னவென்று எனக்கு அவள் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். துணி, மெத்தை, டிவிப் பெட்டி, ஒயர் இதெல்லாம் சட்டென்று தீப்பிடிக்காமலிருக்க ஒரு மருந்து சேர்க்கிறார்கள். அது சேர்த்த இடத்திலேயே இருப்பதில்லை. தூசியாகவும் கழிவாகவும் கிளம்பி ஓடைக்கும் குளத்துக்கும் போகிறது. முட்டையிலும் குஞ்சிலும் அந்த மருந்து துளி பட்ட மீன், பிறகு நல்ல தண்ணீரிலேயே வளர்ந்தாலும் பெரிதானபின் எப்படி நடந்துகொள்கிறது? இதுதான் கேள்வி. மீன் சாகிறதா என்று பார்ப்பது சுலபம். அது மீனாக நடந்துகொள்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் இவளைப் போன்ற ஆள் வேண்டும்.

சோதனையைப் பார்த்தால் விளையாட்டு மாதிரி இருக்கும். கண்ணாடித் தொட்டியில் ஒரு மீன். மேலே ஒரு நூல் கட்டி, பறவை வடிவில் வெட்டிய கறுப்பு அட்டையை அதில் ஓடவிடுவாள். நிழல் விழுந்ததும் நல்ல மீன் விருட்டென்று அடிக்கு இறங்கி அசையாமல் நிற்கும். எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்போது திரும்ப மேலே வருகிறது என்று நோட்டில் எழுதுவாள். ஒரு மீன், பிறகு அடுத்த மீன், பிறகு அடுத்தது. எனக்கு அங்கே அரை மணி நேரம் உட்கார முடியாது. எனக்கு முன்கோபம் உண்டு, ஊருக்கே தெரியும். அவள் இரண்டு மணி நேரம் முதுகை வளைக்காமல் உட்கார்ந்திருப்பாள். ஒரு வீட்டில் இப்படி இரண்டு பிறவிகள் எப்படிச் சேர்ந்தன என்று நான் ஆச்சரியப்படுவதுண்டு.

முதல் ஈடு மீன்கள் அவள் எதிர்பார்த்தபடியே நடந்துகொண்டன. ஈடு என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. இட்லிக்குச் சொல்கிற மாதிரி, ஒரு சேர இட்ட முட்டைகளில் பொரிந்து வளர்ந்த மீன்களை அப்படித்தான் சொல்வோம். சுத்தத் தண்ணீரில் பிறந்தவை நிழலைக் கண்டு ஒளிந்தன. குஞ்சிலே மருந்து பட்டவை நிழலுக்கு அடியில் சாவகாசமாகத் திரிந்தன. அவளுடைய நெறியாளர் திருநெல்வேலிக் கல்லூரியில் பேராசிரியை. "நல்லாருக்கு. ஆனா ஒரு ஈடு போதாது, இன்னொரு தடவ செஞ்சு காட்டு" என்றார். ஆக, பட்டமே இரண்டாம் ஈட்டின் தலையில் வந்து நின்றது.

இங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன். குஞ்சு மீன்களின் டப்பில் தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு பஞ்சு வைப்பார்கள். ஏர் பம்ப் குழாயின் நுனியில் அது இருந்தால் அழுக்கைப் பிடிக்கும், குஞ்சுகளை உறிஞ்சி இழுக்காது. அந்தப் பஞ்சுகளை அவள் மதுரையிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அந்தப் பொட்டலத்தைப் பார்த்து எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. குஷன் கடைக்காரன் வீட்டுக்குப் பஞ்சு வெளியூரிலிருந்து வருகிறதா? ஊரில் நாலு பேருக்குத் தெரிந்தால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

"ஏட்டி, நம்ம கடைல இல்லாத ஃபோமா? எத்தன வேணும்னு சொல்லு."

"வெறும் ஃபோம்தான? கலர் கிலர் ஒண்ணும் இருக்காதுல்லா?"

"சுத்த வெள்ள. இருக்கதுலயே உசத்தி."

அன்றைக்குக் கடையில் ஒரு பள்ளிக்கூடப் பஸ்ஸின் சீட் வேலை ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு வந்த ஃபோம் அழுத்தினால் கை எடுத்ததும் எழும்பும், பொடியே உதிராது. அதில் ஒரு பாளம் எடுத்து, பிளேடு வைத்து, ஒரே அளவில் உருட்டி உருட்டி வெட்டி, நடுவில் குழாய்க்குத் துளை போட்டு, ஒரு பை நிறைய அவளிடம் கொடுத்தேன். வெட்டின அழகைப் பார்த்து அவள் ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் செய்த எதையும் அவள் அப்படிப் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு நாள் கடையில் யாரையும் திட்டாமல் இருந்தேன்.

மாதங்கள் கழிந்து இரண்டாம் ஈடு பெரிதானது. முதல் நாள் சோதனை முடிந்து அவள் கீழே இறங்கி வந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். மருந்து பட்ட மீன்கள் ஒளியவில்லை, அது சரி. சுத்த மீன்களும் ஒளியவில்லை. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. முதல் ஈட்டில் கண்டதெல்லாம் தற்செயல் என்று யாராவது சொன்னால் அதை மறுக்க அவளிடம் எதுவும் கிடையாது. கைவசம் இருந்ததோ சில மாதங்கள்.

நான் உடனே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டி விசைத்தறி ஓடுகிறது. புதிதாக இரண்டு தறி இறக்கியிருந்தார்கள். டடக் டடக் என்று சுவரே அதிரும். அந்த அதிர்வில் மீன்களுக்குப் பயம் மரத்துப்போய்விட்டது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. தறிக்காரர் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போட்டேன். அவர் என்னைவிட மூத்தவர், பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "என்னவே, தறி ஓட்டாம நான் மீனா ஓட்ட முடியும்?" என்றார். நான் மேலும் கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது.

சாயந்திரம் அவளுக்கு விஷயம் தெரிந்தது. நேராக அவரிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணாச்சி, அவுக பேசுனது தப்பு. மனசுல வச்சுக்கிடாதீங்க. ஆனா எனக்கு ஒரு உதவி. வார வாரம் தறிக்கு லீவு விடுத நாள் எதுன்னு சொல்லுங்க. அன்னைக்கு மீன வச்சுப் பாக்குதேன்."

"நீ கேட்டா வேற ஒரு நாளும் சேத்து நிறுத்துதேன் டீச்சர். இவன மட்டும் இங்கன விடாத."

தறி நின்ற இரண்டு நாளும் சோதித்துப் பார்த்தாள். மீன்கள் முன்பு போலவே நிழலுக்கு அடியில் திரிந்தன. அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. நோட்டில் 'தறி' என்று எழுதியிருந்ததன் மேல் ஒரு கோடு போட்டாள். அதற்குக் கீழே ஒரு பட்டியல் இருந்தது: தண்ணீர், தீனி, வெளிச்சம், உப்பு, டப்பு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவாள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது என்பாள். நான் கடையில் ஒரு தையல் மெஷின் நின்றால் நாலு இடத்தில் ஒரே நேரத்தில் தட்டுகிறவன். அவள் கோடு போடுவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவள் மேல் ஒரு மரியாதை ஏறிக்கொண்டே வந்தது. ஆனால் காலண்டரும் ஓடிக்கொண்டிருந்தது.

பட்டியலில் பஞ்சு கிடையாது. நான் வெட்டிக் கொடுத்தது என்பதாலேயே அது அவளுக்குச் சந்தேகத்துக்கு வெளியே இருந்திருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். ஒரு வேன்காரர் சீட் வேலைக்காக வந்து, ஃபோமை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் வித்தையைக் காட்டினேன். ஒரு துண்டை இடுக்கியில் பிடித்து, லைட்டரைப் பற்றவைத்து நுனியில் காட்டினேன். கொஞ்சம் கறுத்தது. லைட்டரை எடுத்ததும் தீ தானாக அணைந்துவிட்டது.

"பாத்தீங்களா அண்ணாச்சி? தீப்பிடிக்காத சரக்கு. பள்ளிக்கூட வண்டிக்கெல்லாம் இதத்தான் போடச் சொல்லுதாங்க. எங்க வீட்டு மீன் தொட்டிலகூட இதான் கெடக்கு" என்றேன் பெருமையாக.

வேன்காரர் தலையாட்டினார். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் என் கையில் இருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் போனபிறகு அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு வெட்டித் தந்ததும் இந்த ஃபோமா?"

"அதேதான். சொன்னம்லா, இருக்கதுலயே உசத்தி."

"எல்லா டப்புக்குமா?"

"ஒண்ணு விடாம."

சொல்லி முடித்தபோதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. தீப்பிடிக்காத மருந்து மீனை என்ன செய்யும் என்று அவள் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் அந்த மருந்தையே பஞ்சாக உருட்டி, சுத்த மீன் என்று அவள் வைத்திருந்த டப்புகளில், குஞ்சுகளுக்குப் பக்கத்தில், இரவும் பகலும் ஊறப் போட்டிருக்கிறேன். லைட்டர் என் கையிலேயே இருந்தது. அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவள் இடுக்கியிலிருந்த அந்தக் கறுத்த துண்டை ஒரு கவரில் போட்டு, மேலே தேதி எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு யோசனை சொன்னேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"மொத ஈடு நல்லாத்தான வந்துச்சு? பெருசா அதையே எழுதிக் குடுத்திரு. ரெண்டாவது ஈடு செத்துப்போச்சுன்னு சொல்லிருவோம். யாருக்குத் தெரியப் போவுது?"

"அது உயிரோட மேல நீந்துதே."

"எழுதுத எழுத்துல செத்துட்டுப் போவட்டும்."

"ஏங்க, வந்தத வந்தபடி எழுதத்தான் எனக்குத் தெரியும். இல்லாததச் சேத்து எழுத இத்தன வருசம் எதுக்குப் படிச்சேன்?" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

மறுநாள் காலையில் நெறியாளருக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டாள், நான் கேட்க வேண்டும் என்றுதான் போலிருக்கிறது. நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். கேட்டு முடித்ததும் அந்த அம்மா, "அந்த ஃபோம யாரு குடுத்தா?" என்று கேட்டார். நான் எழுந்து அறையை விட்டுப் போய்விடலாமா என்று பார்த்தேன்.

"வச்சது நான்தான் மேடம். என்ன ஏதுன்னு பாக்காம வச்சது என் தப்பு" என்றாள் என் மனைவி.

யார் கொடுத்தது என்பதற்கு அது பதிலே இல்லை. அந்த அம்மாவுக்கும் அது புரிந்திருக்கும், மறுபடி கேட்கவில்லை. நான் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அழுதேன். முன்கோபக்காரன் அழுதால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் அழுதேன்.

பிறகு நடந்தவை எல்லாம் அவள் கெட்டிக்காரத்தனம். தவறை மறைக்காமல் எழுதிக் கொடுத்துக் கால நீட்டிப்பு கேட்டாள். கடைசி முறை என்ற நிபந்தனையோடு கிடைத்தது. மூன்றாம் ஈட்டில் இரண்டு வகைக்குப் பதில் மூன்று வகை வைத்தாள். சுத்தத் தண்ணீர் ஒன்று, அளந்து மருந்து விட்டது ஒன்று, என் கடை ஃபோம் ஊறினது ஒன்று. என் தப்புக்கு அவள் ஒரு தனி டப்பு வரிசையே கொடுத்தாள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரே ஜனமாகத் திரண்டிருந்தபோது, சொந்தக்காரர்கள் எல்லாம் கீழே சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவள் மாடியில் பூதக்கண்ணாடியோடு முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

குஞ்சுப் பருவம் முடிந்ததும் எல்லா மீன்களையும் நல்ல தண்ணீருக்கு மாற்றி, ஒரே மாதிரி மதுரைப் பஞ்சு வைத்தாள். நெறியாளர் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்தார். எங்கள் இரண்டு பேரையும் கீழே அனுப்பிவிட்டு, டப்புகளை இடம் மாற்றி, அ, ஆ, இ என்று எழுத்து ஒட்டினார். எந்த எழுத்து எந்த வகை என்கிற சீட்டைக் கவரில் போட்டு ஒட்டிக் கையோடு கொண்டுபோய்விட்டார். நேரம் குறிக்கிற வேலையை என் மனைவி எனக்குக் கொடுத்தாள். எனக்குக் குழப்பம்.

"என்னப் போயி நம்புதியே?"

"எது எதுன்னு தெரிஞ்சா நம்ம கை அதுக்குத் தக்கன எழுதும். என் கையும் அப்படித்தான். தெரியாதுல்லா, அதனால எழுதலாம்."

பள்ளி விட்டு அவள் வரும்வரை கடையைப் பார்ப்பேன், பிறகு ஷட்டரை இறக்கிவிட்டு மாடிக்கு. அவள் அட்டைப் பறவையை இழுப்பாள், நான் ஸ்டாப்வாட்சை அமுக்குவேன். முதல் நாள் முதுகு விண்டுபோனது. ஒரு வாரத்தில் எனக்கே பழகிவிட்டது. அரை மணி நேரம் வாய் திறக்காமல் இருந்தேன், ஒரு மணி நேரம் இருந்தேன். ஆ டப்பு மீன்கள் நிழல் பட்ட கணமே அடியில் போய் அப்பிக்கொள்ளும். இ டப்பு மீன்கள் மேலேயே நிற்கும், என் விரலைக் கண்டால் கிட்டே வரும். உள்ளுக்குள் எனக்கு இ டப்பின் மேல்தான் பிரியம். அதை அவளிடம் சொல்லவில்லை.

எல்லா மீனும் முடிந்தபிறகு கல்லூரியில் கவரைப் பிரித்தார்கள். நானும் போயிருந்தேன். ஆ என்பது சுத்தத் தண்ணீர். அ என்பது அளந்து விட்ட மருந்து. இ என்பது என் கடை ஃபோம். அளந்து விட்டதைவிட அதிலே பயம் இன்னும் குறைவு. அந்த அம்மா என் மனைவியின் தோளைத் தட்டி, "தப்பிச்சிட்ட" என்றார். இவள் அப்படி ஒன்றும் துள்ளவில்லை, நோட்டின் ஓரத்தில் டிக் போட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டாள், என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு. வீடு வரும்வரை நான் அசையவில்லை.

பள்ளி வண்டிக்கு இனி என்ன ஃபோம் போடுவது என்று அவளிடம் கேட்டேன். தீயிலிருந்து பிள்ளைகளைக் காப்பதற்குத்தான் அந்த மருந்து, அதைச் சும்மா திட்டக் கூடாது, ஆனால் எங்கெல்லாம் போகிறது என்று பார்க்க வேண்டும்லா என்றாள். அன்றிலிருந்து நறுக்கு மிச்சத்தைக் கடைக்குப் பின்னால் ஓடையில் தள்ளுவதை விட்டுவிட்டேன். சாக்கில் கட்டி வைத்து, ஃபோம் கொண்டுவருகிற லாரியிலேயே திருப்பி அனுப்புகிறேன். லாரிக்காரன் முனகுவான். முனகட்டும்.

ஆய்வேடு போய், பட்டமும் வந்தது. மாடியில் மூன்றாம் ஈட்டில் மிஞ்சிய மீன்கள் இருந்தன. போன வாரம் ஏதோ எடுக்க மேலே போனால், தெருப் பூனை ஒன்று ஜன்னல் வழியாக வந்து இ டப்பின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீருக்குள் காலை விட்டு அளைகிறது. ஒரு மீன்கூட அடிக்குப் போகவில்லை. நான் விரலை நீட்டினால் வருகிற மாதிரியே அதன் காலைச் சுற்றி வந்து நின்றன. நான் போட்ட சத்தத்தில் பூனை பாய்ந்து ஓடியது. மீன்களுக்கு அதுவும் உறைக்கவில்லை.

சத்தம் கேட்டு அவள் ஏறி வந்தாள்.

"நல்ல தண்ணிலதான இத்தன நாளா கெடக்கு. எப்போ சரியாவும்?" என்று கேட்டேன்.

"சரியாவாது. அது குஞ்சுலயே போச்சு."

"அப்போ?"

அவள் டப்புக்குள் குனிந்து பார்த்தாள்.

"அதுகளுக்குப் பயப்படத் தெரியாது. அதுகளுக்கும் சேத்து நாமதான் பயப்படணும்."

நான் கீழே போய் அளவு டேப்பை எடுத்து வந்து டப்பின் வாயை அளந்தேன். வலை மூடி தைத்துவிடலாம், வீட்டில் பழைய கொசுவலை கிடக்கிறது என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன்.

"டப்பு மேல மூட நம்ம பழைய கொசுவலைய எடுக்கலாம். அதுல என்ன மருந்து தடவிருக்கான்னு மொதல்ல பாத்துச் சொல்லு" என்றேன்.